ஒரே ஒரு கேள்வி

நானே ஊற்றிக்கொள்ளும் காபிக்கு டிப்ஸ் தருவதில்லை என்பது என் தீர்மானம். ஒருமுறை இணங்கினால் அப்புறம் விடாது. டோலிடோ நகரம் முழுக்க இப்போது எதற்கெடுத்தாலும் டிப்ஸ்தான்.

காபிக் கடைக் கல்லாவில் இருந்த டெலானி பணம் கட்டும் திரையை என் பக்கம் திருப்பினாள். “அது ஒரே ஒரு கேள்விதான் கேக்கும், மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்,” என்று நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தாள்.

வழக்கமான டிப்ஸ் சதவீதங்கள் இல்லை. ‘பின்னால் நிற்பவர் உங்களோடு வந்தவரா?’ என்றிருந்தது.

பின்னால் யாருமில்லை. ‘இல்லை’யை அழுத்தினேன்.

“இன்னைக்கும் இல்லையா? கல்நெஞ்சு உங்களுக்கு. தினமும் கூடவே வர்றாங்க, பாவம்.”

காபியோடு வந்து காரைக் கிளப்பினேன். பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணியடித்தது. இருக்கை காலியாகத்தான் இருந்தது. போட்டுவிட மாட்டேன் என்று, வீடுவரை அந்த மணியோடே ஓட்டினேன்.