ஆடாதோடைச் சாறு கொடுத்த விலை

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, மணி ஒன்பது. ஆய்வுக்கூடத்தில், வெதுவெதுப்பான உப்புநீருக்குள் ஆட்டின் மூச்சுக்குழல் துண்டொன்று இறுகித் தொங்கிற்று. அதைத் தளர்த்துகிற மூச்சிரைப்பு மருந்து அடுத்த சோதனைக்குச் செல்லும், தளர்த்தாதது குப்பைக்கு.

ரசாயன மருந்து முன்பே தேறிவிட்டது. அடுத்து, ஆடாதோடை இலைச் சாற்றின் முறை. அதன் சொட்டு விழுந்ததும் துண்டு நன்றாகத் தளர்ந்தது.

“பார்த்தீரா ஐயா? நான் வேலியில் தழைத்தவள், உம்மைப்போல் தொழிற்சாலைச் சரக்கல்ல,” என்றது சாறு.

“இருக்கட்டும் அம்மணி. நான் தண்ணீரில் கரைந்து வந்தேன். தாங்கள் சாராயத்தில் அல்லவா எழுந்தருளியிருக்கிறீர்கள்?” என்றது ரசாயனம்.

ஆய்வாளருக்கும் அதே ஐயம். துண்டைக் கழுவி, மீண்டும் இறுகச் செய்து, வெறும் சாராயத்தைச் சொட்டினார். துண்டு ஏறக்குறைய அதே அளவு தளர்ந்தது.

சாறு பதறியது. “நீ எனக்காகத் தளரவில்லையா?”

“தளர்ந்தேன். உனக்காகவா, சாராயத்துக்காகவா என்று நான் எப்படிச் சொல்வேன்? தனியாக வா, பார்க்கலாம்,” என்றது துண்டு.

நண்பகலில், சாராயத்தை வற்றவைத்தபின், சாறு தண்ணீரில் கரைந்து, வடிதாளில் வடிந்து வந்தது. துண்டு ஒரு நூலளவு தளர்ந்தது. ஆய்வாளர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு, சாற்றை அடுத்த சோதனைக்கு அனுப்பினார். அதற்குச் சாறு கொடுத்த விலை, தண்ணீரில் கரையாமல் வடிதாளிலேயே தங்கிப்போன அதன் மினுங்கும் பச்சை நிறம்.