பன்னிரண்டு மணிக்கு நிற்கும் மெஷின்

"அஞ்சு நாளா சரியா பன்னிரண்டு மணிக்கு மெஷின் நிக்குது. என்னய்யா பண்றே?" மேனேஜர் கத்தினார்.

"சத்தியமா நான் கை வைக்கலை சார். ஓடிட்டே இருக்கு, பொசுக்குனு நின்னுடுது. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை" என்றார் ஆபரேட்டர்.

மேனேஜருக்குத் தலை சுற்றியது. சென்சாரை மாற்றியாயிற்று, ஒயரையும் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது ஆள்தான். அறைக்குப் போய் சஸ்பெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மெஷினை நெட்டில் கண்காணிக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"சார், நிறுத்தச் சொல்லி உத்தரவு உங்க ஐடியில இருந்துதான் வருது."

"என் ஐடியா? அந்த நேரம் நான் மீட்டிங்ல இருப்பேன். போனே ஆஃப்!"

"இது வேற போன் சார். பழைய மாடல்."

குழம்பிப்போய் வீட்டுக்குப் பேசினார். "என் பழைய போன் எங்கே?"

"பாப்பாகிட்டதான். அதுல ஒரு சிவப்பு பட்டன் வருதுல்ல, அதை அமுக்கினாத்தான் வாயே திறக்குறா. இந்த வாரம் பன்னிரண்டு மணிக்குச் சோறு ஊட்டுறது எவ்வளவு சுலபமாயிடுச்சு தெரியுமா?" என்றாள் மனைவி.

அந்தப் போனிலிருந்து மெஷினை நிறுத்தும் ஆப்பை அவர் அழிக்கவே இல்லை.

ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆபரேட்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஆபரேட்டர் கேட்டார்: "போனைப் பிடுங்கிட்டா, நாளைக்குப் பாப்பா சாப்பிடுமா சார்?"