சிரித்த முகங்கள் மூன்றாவது டிராயரில்

மூன்றாவது டிராயர் வழக்கம்போலப் பாதியில் சிக்கிக்கொண்டது. ஓர் உதை விட்டதும் மீதியும் வந்தது.

அது அவருடைய டிராயர் இல்லை. கூட்டாளியுடையது.

ஒரே ஸ்டுடியோவைச் சேர்ந்து நடத்துகிற இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று "அசையாதீங்க" என்று உயிரை வாங்குவதால் இவர் அசையாதே. கல்லைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவான் என்பதால் கூட்டாளி கிச்சுகிச்சு.

இவர் முன்னால் வந்து உட்கார்ந்தால் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் முன்னால் உட்கார்ந்தால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பல்லைக் காட்டுவார்கள். குழந்தைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அசையாதேக்கு வயிறு எரியும். அதற்கு வேறு கௌரவமான பெயர் எதையும் அவர் தேடியதில்லை.

தன் பொருள் எதையும் அவனோடு கலக்க விட்டதும் இல்லை. கத்தரிக்கோலுக்குச் சிவப்பு நூல். முக்காலிக்கு நீலப் பெயிண்ட். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கேமரா என்பதால், தன்னுடையதில் பிலிம் படிகிற உட்சட்டத்தில் அரத்தால் கடுகளவு ஒரு வெட்டு. அதில் எடுக்கிற ஒவ்வொரு நெகட்டிவின் விளிம்பிலும் அந்த வெட்டு குட்டி முக்கோணமாக விழும். கிச்சுகிச்சு இதைப் பார்த்துவிட்டு, அண்ணியின் நெற்றியிலும் ஒன்று போட்டுவிடுவதுதானே என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

கடையை இந்தக் கட்டடத்துக்கு மாற்றியபோது, பெயர் எழுதாத நெகட்டிவ் உறைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கிச்சுகிச்சு நைசாக நழுவிவிட்டான். இவர்தான் உட்கார்ந்து பிரித்தார். விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? நெகட்டிவில் பல் கறுப்பாகத் தெரியும். வாய்ப் பக்கம் கறுப்புத் தெரிந்தால் மூன்றாவது டிராயர். தெரியாவிட்டால் முதல் இரண்டில் ஒன்று, அதாவது தன்னுடையது.

இன்று காலை மாடி வீட்டிலிருந்து இறங்கும்போது மனைவி கேட்டாள்.

"என் படம் ஒண்ணைப் பெருசு பண்ணித் தரணுமாம், நம்ம பொண்ணு கேக்குறா. நான் வாய்விட்டுச் சிரிச்சது ஒண்ணு இருக்கும், தேடிப் பாருங்க."

முதல் இரண்டு டிராயர்களிலும் அவள் நிறையவே இருந்தாள். எல்லாவற்றிலும் தலை நேராக, தாடை இறுகி, யாருக்கோ ஜாமீன் கொடுக்க வந்தவள் மாதிரி.

பிறகுதான் மூன்றாவதை உதைத்தார்.

ஏறக்குறைய அடியில் இருந்தது. ஒற்றைப் படமாக வெட்டிய துண்டு. லைட் பெட்டியில் வைத்தார். கண் கூசாமல் இருக்க, நடுவில் ஜன்னல் வெட்டிய கறுப்பு அட்டையை வழக்கம்போல அதன்மேல் வைத்தார். விளிம்புகள் மறைந்தன. முகம் மட்டும் தெரிந்தது.

அவள்தான்.

நெகட்டிவில் கூந்தல் வெள்ளையாக இருந்ததால் இன்றைக்கு இருப்பது போலவே இருந்தாள். ஆனால் இப்படி அவளை அவர் பார்த்ததே இல்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. இன்னொரு கை, போதும் விடு என்பது போல, கேமராக்காரனை நோக்கி நீண்டிருந்தது.

அந்தக் கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தெரியாதவனை நோக்கி அப்படி ஒரு கை நீளாது. "இருக்கும்" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! அண்ணி, அண்ணி என்று மாடிக்கு ஏறி இறங்கியவன். என்ன சொன்னான் இவளிடம்? எப்போது? கட்டிய புருஷனுக்கு ஜாமீன்காரி முகம், கண்டவனுக்கு இந்த முகமா?

மேஜையில் பிளேடு இருந்தது. எண்ணெய் வழிகிற மூக்குகளின் பளபளப்பை நெகட்டிவிலிருந்து சுரண்டுகிற பிளேடு. எந்த முகத்திலும் ஒரு மூக்குக்கு மேல் தொடாதவர் அவர்.

இன்று முழு முகத்தையும் சுரண்டினார். சிரிப்பில் ஆரம்பித்தார்.

முடிந்ததும் பிளேடைக் கீழே வைத்தார். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். துண்டை உறைக்குள் போட அட்டையைத் தூக்கினார்.

விளிம்பில் கடுகளவு முக்கோணம்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. அரம் சற்றே சறுக்கியதால் ஒரு பக்கம் கோணலாகிப்போன, அவருடைய வெட்டு. அந்தக் கேமராவை இன்றுவரை வேறு ஒரு கை தொட்டதில்லை. அவர் விட்டதில்லை.

டிராயரை முழுவதுமாக வெளியே இழுத்தார். உறை உறையாகக் கொட்டி, விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். சிரிக்கிற கிழவர்கள், சிரிக்கிற மணமக்கள், பொக்கை வாய்க் குழந்தைகள். எதிலும் வெட்டு இல்லை. எல்லாம் அவனுடையவைதான்.

இது ஒன்று மட்டும்தான் இவருடையது.

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, யாரும் இவர் முன்னால் சிரிக்காத சிரிப்பை அவள் சிரித்திருக்கிறாள். இவர் என்னவோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார்? மூளையைக் கசக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அதைச் சொன்ன அந்த வாலிபன்மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது.

"கெடைச்சுதா? அன்னிக்கு நீங்க சொன்னதை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருதுங்க."

அவர் அவசர அவசரமாகக் கறுப்பு அட்டையை எடுத்து நெகட்டிவை மூடினார்.

அட்டையின் ஜன்னல் வழியாக, முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் வந்தது.