சம்யுக்தா என்ற பெயருக்கு

பவுலினின் இடுப்பில் ஒட்டியிருந்த இன்சுலின் பம்ப் அவளை எப்போதும் சம்யுக்தா என்றுதான் கூப்பிடும். சம்யுக்தா அவளோடு கல்லூரியில் படிப்பவள். புது மாடல் வாங்கியதும் பழையதைப் பவுலினுக்குக் கொடுத்துவிட்டாள். பவுலினின் அம்மா ஜெயசீலிதான் சம்யுக்தாவின் அண்ணா நகர் பங்களாவுக்குப் போய், நாய் குரைத்த குரைப்பில் கேட்டுக்கு வெளியிலேயே நின்று வாங்கி வந்தாள்.

"பேரை மாத்திரலாமாம்மா?" என்று பவுலின் அன்றே கேட்டாள்.

"சும்மா இருடி. அவங்க மாசாமாசம் பணம் கட்டிப் பெரிய பிளான் போட்டிருக்காங்க. அந்தப் பேருக்குத்தான் ஆம்புலன்ஸ் வரும். நம்ம பேருக்கு ஒரு எழவும் வராது."

இன்று மத்தியானம் பரீட்சைக்குக் கிளம்பும்போது பவுலினுக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, கண் செருகிச் சரிந்தாள். ஜெயசீலி சீனியை அள்ளி மகளின் கன்னத்துக்குள் தேய்த்தாள். பாதி வெளியே வழிந்தது.

"சம்யுக்தா, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது" என்றது பம்ப்.

ஜெயசீலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவை விரியத் திறந்து வைத்தாள். மகளிடம் ஓடினாள், வராந்தாவுக்கு ஓடினாள், மறுபடி மகளிடம் ஓடினாள். ஹவுசிங் போர்டின் நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் தெருமுனை வரைக்கும் தெரியும். அங்கே ஒரு தண்ணீர் லாரிதான் நின்றது.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. வந்துட்டாங்க, வந்துட்டாங்க."

பம்ப் அதே கனிவான குரலில் மறுபடி பேசியது.

"சம்யுக்தா, ஆம்புலன்ஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. தயவுசெய்து நாயைக் கட்டிப் போடவும்."