செருப்போடு செருப்பாக

தங்கை வடிவின் உடல் நடுவீட்டில் கிடந்தது. வாசலில் கோமதி செருப்பைக் கழற்றியதும், அவள் பிடித்து நடந்துவந்த பேசும் வாக்கரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.

"வெறுங்காலில் நடப்பது பாதுகாப்பல்ல. காலணி அணியுங்கள்," என்றது வாக்கர்.

வெளியூரிலிருக்கும் கோமதியின் மகள் வாக்கர் வாங்கும்போது கடையில் உயரம் பார்த்தாள், பிரேக் பார்த்தாள். வீட்டுக்குள் போடத் தனிச் செருப்பும் வாங்கித் தந்திருந்தாள். அதனால் வாக்கரின் இந்தக் குணம் இதுவரை தெரியவில்லை.

"பெரியம்ம, செருப்போடயே வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ," என்றான் வடிவின் மகன் இசக்கி.

"எந் தங்கச்சி தலமாட்டுக்குச் செருப்போட வரணுமால?"

வாக்கர் அதையே மறுபடி பொறுமையாகச் சொன்னது. அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதத் தூக்கிச் செருப்பு கெடக்க எடத்துல போடுல," என்றாள். இசக்கியின் தோளைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள். கைகளை ஊன்றி, கூட்டம் விலக விலக, நகர்ந்தே உள்ளே போனாள்.

வடிவின் நெற்றியில் கை வைத்தபோது போன் அடித்தது.

"அம்மா, விழுந்துட்டியளா? வாக்கர்லேருந்து தகவல் வந்துச்சு," மகள் பதறினாள்.

"விழலட்டி. நீ வாங்கித் தந்த மகராசன் வாசல்ல செருப்புக்குக் காவலிருக்கான். நான் ஒஞ் சித்திகிட்ட உக்காந்திருக்கேன்."