ஷட்டர் டிவியின் இடது பக்கம்

“காரிமங்கலத்துப் பக்கம் வந்து ஷட்டர் டிவி வாங்கிட்டுப் போனது இந்த வூடுதானுங்களா?”

வாசல்ல நின்ன அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். மூஞ்சில சிரிப்பே இல்ல. ரோட்டுக்கு அந்தாண்ட, பெட்டிக்கடை நிழல்ல ஒரு பெரியவர் எங்க வூட்டுப் பக்கமே பாக்காம நின்னுட்டிருந்தார்.

எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. ஆரம்பிச்சுட்டாங்கய்யா!

பழைய டிவிக்குள்ள சிவப்புப் பாதரசம் இருக்குது, லட்சக்கணக்குல போகுதுன்னு எவனோ வாட்ஸ்அப்புல கெளப்பி விட்டுட்டான். அதுல இருந்து, வித்தவங்க எல்லாம் திரும்பி வந்து வம்பு வளக்கறாங்க.

“வித்தது வித்ததுதாங்கம்மா”ன்னு கறாரா சொன்னேன்.

“நான் விக்கல கண்ணு. ஏரியூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு தூக்கிக் குடுத்துட்டாரு. ஒருக்கா பாத்துட்டுப் போயிடறேன்.”

“அவரு ஏன் அங்கயே நிக்கறாரு?”

“உள்ள வரப் பயம்.”

பாவம் மனுசன், வூட்ல நல்லா வாங்கிக் கட்டியிருப்பார்னு நெனச்சுக்கிட்டேன்.

எங்க வூட்டுக்காரர் வெங்கடாசலம், பாலக்கோடு தக்காளி மண்டில எடை போடறவர். சம்பாதிக்கறதுல பாதி பழைய டிவிக்கே போகுது. ஒன்னுலயாச்சும் படம் தெரியுமான்னா தெரியாது. “படம் கெடக்குது விடு சசி, பொட்டியப் பாரு”ம்பார். துணி மடிச்சு வெக்க எடமில்ல. கட்டில் மேலகூட ஒன்னு சட்டமா ஒக்காந்திருக்குது.

யாராச்சும் டிவி பாக்க வந்துட்டா போதும், மனுசனுக்குத் தலைகால் புரியாது. நான் உள்ள கூட்டிட்டு வந்த அந்தம்மாவ உக்காருங்கன்னுகூட சொல்லல.

“பாருங்கம்மா, ரெண்டு பக்கமும் தள்ளற மரக்கதவு. தள்ளினா சத்தமே இல்லாம சுருண்டு உள்ள போயிரும். மூலைய எப்படி வளைச்சிருக்கான் பாருங்க! காலப் பாருங்க, கீழ போகப் போகச் சிறுத்துக்கிட்டே போகுது. இப்ப எவன் இப்படிச் செய்யறான்? தட்டையா ஒன்னக் கொண்டாந்து செவுத்துல அடிச்சுட்டுப் போயிடறான்.”

அந்தம்மா கதவையும் பாக்கல, காலையும் பாக்கல. நேரா டிவியோட இடது பக்கமாப் போயி குனிஞ்சாங்க. மூக்குக் கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாங்க. அப்புறம் கையால தடவினாங்க.

“இங்க பொட்டு ஒட்டியிருந்துச்சே தம்பி?”

“அதை ஏம்மா கேக்கறீங்க!” எங்க வூட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கல. “பூராவும் ஸ்டிக்கர் பொட்டு! இவ்ளோ அருமையான பொட்டியப் பாழாக்கி வெச்சிருந்தாங்க. மண்ணெண்ணெய் தொட்டு ஊற வெச்சு, பிளேடால பதமா சுரண்டி, பாலிஷ் போட்டேன். இப்ப பாருங்க, உங்க மூஞ்சியே தெரியும்!”

அந்தம்மா மூஞ்சி அதுல நல்லாவே தெரிஞ்சுது.

“எம்பொண்ணு பானுமதி ஒட்டினதுங்க தம்பி. படுக்கப் போறப்ப நெத்தியில இருந்து எடுத்து இங்கதான் ஒட்டுவா. டிவிய அசிங்கம் பண்றியேடின்னு தெனமும் திட்டுவேன். காலேஜ் சேர்ந்த வருசம் மஞ்சக்காமாலைல போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் துணி வெச்சுத் தொடச்சதே இல்ல.”

எங்க வூட்டுக்காரர் கையில இருந்த பாலிஷ் துணிய எங்க வெக்கறதுன்னு தெரியாம முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்கம்மா. சத்தியமாத் தெரியாது. டிவிய நீங்களே வெச்சுக்குங்க. நானே வண்டி புடிச்சுக் கொண்டாந்து எறக்கிடறேன். காசு எதுவும் வேண்டாம்.”

“வெறும் பொட்டிய வெச்சு நான் என்ன பண்றது தம்பி? நீங்க ஆசையாப் பாத்துக்கறீங்க. நல்லாத்தான் பண்ணி வெச்சிருக்கீங்க.”

குத்திக் காட்டற மாதிரி இல்ல, மனசாரத்தான் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. பாதரசத்துக்கு வந்திருக்காங்கன்னு நெனச்ச என் புத்திய என்னன்னு சொல்றது! காப்பி போடறேன், ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்கன்னேன். வேண்டாம்னுட்டாங்க.

படி எறங்கினதும் கண்ண அழுத்தித் தொடச்சுக்கிட்டு விறுவிறுன்னு ரோட்டத் தாண்டினாங்க. இன்னிக்குப் பெரியவர் தொலைஞ்சார், நடு ரோட்டுல மானத்த வாங்கப் போறாங்கன்னு பயந்து நானும் பின்னாடியே ஓடினேன்.

“இருக்குதா ராமக்காளு?” பெரியவர் ரெண்டடி முன்னாடி வந்தார். “வண்டி போன பொறவுதான் எனக்குப் பாப்பா பொட்டு நெனப்பே வந்துச்சு. பாவி, நானே தூக்கி ஏத்தி விட்டேனே!”

“எல்லாம் அப்படியே இருக்குதுங்க. ஒன்னுகூட உதிரல. நம்மள விட அவங்க பத்திரமா வெச்சிருக்காங்க. வாங்க, இன்னிக்காச்சும் வயிறாரச் சோறு தின்னுங்க.”

அவர் நம்பவும் முடியாம, நம்பாம இருக்கவும் முடியாம என் பக்கம் திரும்பினார்.

“நெசந்தானாம்மா?”

ராமக்காள் அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

“நெசந்தாங்கய்யா”ன்னேன். “எங்க வூட்டுக்காரர் அதுல கையே வெக்கலீங்க.”