மாமன் மடி

காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டார். மனைப்பலகை காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் பச்சைப் பட்டுச்சேலையில் முனீஸ்வரி நின்றாள்.

உட்காரவில்லை.

எதிரே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அன்னக்கொடி. காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். ஒன்றுவிட்டவன் மடியெல்லாம் ஆகாது, என் கூடப் பிறந்த மடிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றவள் அவள்.

வேறு வழியில்லாமல்தான் அவள் புருஷன் பாண்டியராஜ் மலை மேலே பூப்பாறையில் இருந்த முனீஸ்வரிக்குப் போன் போட்டான். "ஒரு மணி நேரத்துக்கு வேட்டி சட்டையில வந்து உக்காந்துட்டுப் போ மாப்ளே."

"வர்றேன்" என்றாள் முனீஸ்வரி. எப்படி வருவாள் என்று சொல்லவில்லை.

விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையிறங்கி, போடியில் பஸ் மாறி, சிலமலையில் இறங்கினால் பந்தல் வாசலில் பிளக்ஸ். 'தாய்மாமன் சோணை.' அவளுடைய பழைய பெயர், பள்ளிக்கூடத்துப் படம். பிளக்ஸ் கடைக்காரன் அதில் முறுக்கு மீசை ஒட்டியிருந்தான்.

அரும்பும்போதே இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கண்ணீர் விட்ட மேலுதடு. பிளக்ஸைப் பார்த்ததும் அங்கே என்னமோ ஊர்வது போல் அரித்தது. திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

போகவில்லை. அவளுக்கு என்ன முறையோ அதை இத்தனை பேர் முன்னால் பாண்டியராஜ் வாயால் சொல்ல வைக்காமல் மலையேறுவதில்லை.

மொய் எழுதுகிற மேசையிலிருந்து ஒச்சப்பன் கேட்டான். "என்ன, மாப்ளைக்கு வேட்டி கெடைக்கலையாக்கும்?"

"ஒங்க வேட்டிய அவுத்துக் குடுங்கண்ணே, கட்டிக்கிறேன்."

பந்தல் சிரித்தது. ஒச்சப்பன் மொய் நோட்டுக்குள் குனிந்துகொண்டான்.

பாண்டியராஜ் கிட்டே வந்து பல்லைக் கடித்தான். "சால்வையப் போத்திக்கிட்டுச் சட்டுன்னு உக்காரு மாப்ளே. மானத்த வாங்காத."

"முறை சொல்லிக் கூப்பிடுங்க மச்சான். பொம்பளைய யாராச்சும் மாப்ளேம்பாகளா?"

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பத்தர் எட்டி வெயிலைப் பார்த்தார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மொக்கம்மாள், "எதையாச்சும் சொல்லித் தொலைப்பா, சோறு ஆறுது" என்று கத்தினாள்.

பாண்டியராஜுக்கு வேர்த்து ஊற்றியது. "உக்காரு... கொழுந்தியா."

"காதுல விழல."

மொய் மேசையில் மைக் திறந்தே கிடந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "கொழுந்தியா, வந்து உக்காரு தாயி" என்று உரக்கச் சொன்னது குழாய் ஸ்பீக்கரில் ஏறித் தெரு முழுக்கப் போனது.

முனீஸ்வரி கண்ணை மூடி, அது அடங்கும் வரைக்கும் கேட்டாள். ஏலக்காய்க் கறை ஏறிய விரலால் முந்தானையை இழுத்துச் செருகினாள். பலகையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"அப்ப நான் பிள்ளைக்குச் சித்தி. சித்தி மடியில காது குத்துனதா எங்கிட்டாவது கேள்விப்பட்டிருக்கீகளா? மாமன் மடிதான வேணும். வெரசாப் போயி மாமனைக் கூட்டிட்டு வாங்க மச்சான்."



மாமனை எங்கே போய்க் கூப்பிடுவது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் முனீஸ்வரி சேலை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். போன பதினாறாம் நாள் கொட்டகுடி ஆற்றங்கரையில் சோணை செத்துப்போனதாகக் கருமாதி நடந்தது. மொட்டை போட்டுப் பிண்டம் கரைத்தவன் பாண்டியராஜ். வரிசையாக உட்கார்ந்து கருமாதிச் சோறு சாப்பிட்டவர்கள் பந்தலில் இருந்த இவர்கள்தான்.

அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்று அன்னக்கொடியை மட்டும் அன்றைக்கு வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான் பாண்டியராஜ்.

இப்போது அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"ஊசிய உள்ள வைங்க பத்தரே" என்றாள். "மாமன் வரட்டும்."